அபு சிம்பெல் கோயில்கள்

அபு சிம்பெல் கோயில்கள் என்பவை எகிப்து நாட்டின் தென்பகுதியில், சூடான் எல்லைக்கு அருகில் அமைந்துள்ள இரண்டு குடைவரைக் கோயில்கள் ஆகும். இவை பண்டைய எகிப்தின் 19ஆம் அரசமரபைச் சேர்ந்த பாரோ இரண்டாம் ராமேசஸ் காலத்தில் (ஆட்சிக்காலம்: கி.மு. 1279 - கி.மு. 1213) நைல் ஆற்றின் மேற்குக் கரையிலிருந்த மணற்கல் குன்றுகளில் குடையப்பட்டவை. பெரிய கோயில் ராமேசசின் பெயரிலும், சிறிய கோயில் அவனது பட்டத்தரசி நெஃபர்தாரியின் பெயரிலும் அமைந்துள்ளன.

அஸ்வான் உயர் அணை கட்டப்பட்டபோது நீரில் மூழ்கவிருந்த இக்கோயில்கள், 1964க்கும் 1968க்கும் இடையில் துண்டுகளாக அறுக்கப்பட்டு, உயரமான இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. யுனெஸ்கோ அமைப்பு ஒருங்கிணைத்த இப்பணி, தொல்லியல் சின்னங்களைக் காக்க உலக நாடுகள் கூட்டாக மேற்கொண்ட முதல் பெரும் முயற்சியாகக் கருதப்படுகிறது. "அபு சிம்பெல் முதல் பிலே வரையிலான நூபிய நினைவுச்சின்னங்கள்" என்னும் பெயரில் இவை 1979ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

அமைவிடம்

அபு சிம்பெல், அஸ்வான் நகரிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவில், நாசர் ஏரியின் மேற்குக் கரையில் உள்ளது. இப்பகுதி பண்டைக் காலத்தில் நூபியா என அழைக்கப்பட்ட நிலப்பரப்பின் வடபகுதியாகும். எகிப்துக்குத் தேவையான பொன் பெருமளவில் நூபியாவிலிருந்தே கிடைத்தது. தந்தம், கருங்காலி போன்ற பொருட்களும் இவ்வழியாகவே வந்தன. எனவே இப்பகுதியைத் தம் ஆதிக்கத்தில் வைத்திருப்பதில் எகிப்திய அரசர்கள் பெரும் அக்கறை காட்டினர். இரண்டாம் ராமேசஸ் நூபியாவில் அபு சிம்பெல் தவிர வேறு பல கோயில்களையும் எழுப்பினான். தெற்கிலிருந்து ஆற்று வழியே வருவோர் எகிப்திய அரசனின் வலிமையை முதலில் காணும்படி இக்கோயிலின் முகப்பு அமைக்கப்பட்டது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

வரலாறு

இக்கோயில்கள் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் குடையப்பட்டன. பணி முடிய ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆனதாகக் கருதப்படுகிறது. ராமேசசின் ஆட்சிக்காலத்திலேயே ஏற்பட்ட நிலநடுக்கம் ஒன்றில் பெரிய கோயிலின் முகப்புச் சிலைகளுள் ஒன்றின் மேற்பகுதி உடைந்து வீழ்ந்தது.

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சம்மெத்திக்கு என்னும் பாரோ நூபியா மீது படையெடுத்தபோது, அவனது படையில் பணியாற்றிய கிரேக்கக் கூலிப்படையினர் முகப்புச் சிலையின் காலில் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். இது தொடக்ககாலக் கிரேக்கக் கல்வெட்டுகளுள் முக்கியமான ஒன்றாக விளங்குகிறது.

பிற்காலத்தில் கோயில்கள் கைவிடப்பட்டன. பாலைவன மணல் படிந்து பெரிய கோயிலின் பெரும்பகுதியை மூடிவிட்டது. 1813ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பயணி யோகான் லுட்விக் பர்க்கார்ட், சிறிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், மணலுக்கு மேலே தெரிந்த பெருஞ்சிலைகளின் மேற்பகுதிகளைக் கண்டார். அவர் அளித்த தகவலால் தூண்டப்பட்ட இத்தாலியரான ஜியோவன்னி பெல்சோனி, 1817 ஆகத்து மாதத்தில் மணலை அகற்றிக் கோயிலுக்குள் நுழைந்தார்.

பெரிய கோயில்

பெரிய கோயில் ஆமூன், ரா-ஹொராக்தி, ப்தா ஆகிய மூன்று கடவுளருக்கும், கடவுள் நிலைக்கு உயர்த்தப்பட்ட ராமேசசுக்கும் உரியது. இதன் முகப்பில் ராமேசசின் அமர்ந்த நிலையிலான நான்கு சிலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர் உயரம் கொண்டது. இவை தனியே செய்து நிறுத்தப்பட்டவை அல்ல. குன்றின் பாறையிலேயே செதுக்கப்பட்டவை. சிலைகளின் கால்களுக்கு அருகில் அரசனின் தாய், அரசி நெஃபர்தாரி, பிள்ளைகள் ஆகியோரின் உருவங்கள் சிறிய அளவில் உள்ளன.

வாயிலுக்கு மேலுள்ள மாடத்தில் பருந்துத் தலையுடைய ரா-ஹொராக்தியின் உருவம் உள்ளது. அதன் ஒரு பக்கத்தில் "உசெர்" என்ற ஒலிக்குரிய குறியும், மறுபக்கத்தில் மாட் என்னும் பெண் தெய்வத்தின் உருவமும் காணப்படுகின்றன. இவற்றைச் சேர்த்துப் படித்தால் "உசெர்மாட்ரே" என்னும் ராமேசசின் அரியணைப் பெயர் கிடைக்கும். அதாவது இச்சிற்பம் கடவுளின் உருவமாகவும், அரசனின் பெயராகவும் ஒரே நேரத்தில் விளங்குகிறது. முகப்பின் உச்சியில் கைகளை உயர்த்தி உதிக்கும் சூரியனை வணங்கும் பபூன் குரங்குகளின் வரிசை உள்ளது.

உள்ளே நுழைந்ததும் காணப்படும் மண்டபத்தில் ஒசிரிஸ் கடவுளின் தோற்றத்தில் அரசனைக் காட்டும் எட்டுத் தூண்கள் உள்ளன. மண்டபத்தின் வடக்குச் சுவரில், ஏறத்தாழ கி.மு. 1274இல் ஹிட்டைட் பேரரசுடன் நடந்த காதேசு போர் புடைப்புச் சிற்பங்களாக விரிவாகக் காட்டப்பட்டுள்ளது. அப்போர் எத்தரப்புக்கும் முழு வெற்றியின்றி முடிந்தது என்பதே வரலாற்றாளர் பலரின் முடிவு. சிற்பங்களோ ராமேசஸ் தனியொருவனாகப் பகைவரை வென்றதாகக் காட்டுகின்றன. பின்னர் இரு நாடுகளும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன. ராமேசஸ் ஹிட்டைட் இளவரசி ஒருத்தியை மணந்த செய்தியைக் கூறும் கல்வெட்டும் இக்கோயிலின் வெளிப்புறத்தில் உள்ளது. ஒரே கோயிலில் போரும் மணவுறவும் பதிவாகியிருப்பது குறிப்பிடத்தக்கது.

சூரிய ஒளி நிகழ்வு

கோயிலின் கடைசியில் உள்ள கருவறையில் ப்தா, ஆமூன், ராமேசஸ், ரா-ஹொராக்தி ஆகியோரின் அமர்ந்த சிலைகள் வரிசையாக உள்ளன. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய நாட்களை ஒட்டி, உதயசூரியனின் ஒளி வாயில் வழியாக ஏறத்தாழ 60 மீட்டர் ஊடுருவிச் சென்று இச்சிலைகள் மீது விழுகிறது. இருளுலகத்துடன் தொடர்புடைய ப்தாவின் சிலை மட்டும் பெரும்பாலும் நிழலிலேயே இருக்கும். இந்நாட்கள் ராமேசசின் பிறந்த நாளும் முடிசூட்டு நாளும் என்று பரவலாகக் கூறப்பட்டாலும், அதற்குச் சான்று எதுவும் இல்லை. இடமாற்றத்துக்கு முன் இந்நிகழ்வு ஒரு நாள் முன்னதாக ஏற்பட்டது என்பர்.

சிறிய கோயில்

பெரிய கோயிலுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவில் சிறிய கோயில் உள்ளது. இது ஹாத்தோர் என்னும் பெண் தெய்வத்துக்கும் அரசி நெஃபர்தாரிக்கும் உரியது. இதன் முகப்பில் நின்ற நிலையிலான ஆறு சிலைகள் உள்ளன. அவற்றுள் நான்கு அரசனுடையவை, இரண்டு அரசியுடையவை. பண்டைய எகிப்தியச் சிற்பங்களில் அரசியின் உருவம் பொதுவாக அரசனின் முழங்கால் உயரத்துக்கு மேல் செல்வதில்லை. இங்கு அரசியின் சிலைகள் அரசனின் சிலைகளுக்கு ஏறக்குறைய ஒத்த உயரத்தில் அமைந்திருப்பது அரிதான செய்தியாகும்.

அஸ்வான் உயர் அணையும் நூபியாவும்

நைல் ஆற்றின் ஆண்டு வெள்ளத்தைக் கட்டுப்படுத்தவும், பாசனத்துக்கும் மின்னாக்கத்துக்கும் நீரைத் தேக்கவும் எகிப்து அரசு அஸ்வானில் பெரிய அணை ஒன்றைக் கட்ட முடிவு செய்தது. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் 1960 சனவரியில் தொடங்கிய அணைப்பணி 1970இல் நிறைவுற்றது. அணைக்குப் பின்னால் உருவான நீர்த்தேக்கம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுடையது. எகிப்தில் உள்ள பகுதி நாசர் ஏரி என்றும், சூடானில் உள்ள பகுதி நூபியா ஏரி என்றும் வழங்கப்படுகின்றன. அபு சிம்பெல் கோயில்களின் பழைய தளத்துக்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கக்கூடும் என்று கணக்கிடப்பட்டது.

மணற்கல் நீரில் ஊறினால் அதன் மணல் துகள்களைப் பிணைத்திருக்கும் பொருள் வலுவிழக்கும். எனவே மூழ்கிய சிற்பங்கள் விரைவில் அழிந்துவிடும் என்ற அச்சம் நிலவியது. 1959இல் எகிப்தும் சூடானும் யுனெஸ்கோவின் உதவியைக் கோரின. 1960 மார்ச் 8 அன்று யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் விட்டோரினோ வெரோனேசே உலக நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தார். உதவும் நாடுகளுக்கு அகழாய்வில் கிடைக்கும் பொருட்களில் பாதியைத் தரவும், சில சிறிய கோயில்களை அன்பளிப்பாக வழங்கவும் எகிப்து முன்வந்தது. இந்தியாவின் சார்பில் தொல்லியலாளர் பி. பி. லால் தலைமையிலான குழு 1961-62இல் நூபியாவின் அஃபியே என்னுமிடத்தில் அகழாய்வு செய்தது.

முன்வைக்கப்பட்ட திட்டங்கள்

நூபியாவிலிருந்த பிற கோயில்களுள் பல, கற்களை அடுக்கிக் கட்டப்பட்டவை. அவற்றைக் கல் கல்லாகப் பிரித்து, வேறிடத்தில் அதே வரிசையில் அடுக்கிவிடலாம். குடைவரைக்கு இம்முறை பொருந்தாது. அதில் பிரிப்பதற்குத் தனிக் கற்கள் இல்லை. கோயிலும் குன்றும் ஒன்றே. எனவே அபு சிம்பெலுக்கெனப் பல திட்டங்கள் முன்வைக்கப்பட்டன.

* பிரான்சு நாட்டுப் பொறியாளர்கள், கோயில்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றைச் சுற்றித் தனி அணை ஒன்றைக் கட்டலாம் என்றனர். கசியும் நீரை என்றென்றும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இதன் குறை.
* இத்தாலியத் திட்டம், கோயில்களைச் சுற்றியுள்ள பாறையை அறுத்து, கான்கிரீட் பெட்டிக்குள் அடக்கி, நீரியல் தூக்கிகளால் சிறிது சிறிதாக உயர்த்துவது. பெரிய கோயிலின் எடை மட்டும் ஏறத்தாழ 2.5 இலட்சம் டன் என மதிப்பிடப்பட்டது. செலவு மிகுதியால் இது கைவிடப்பட்டது.
* பிரித்தானியர் சிலர், கோயில்களை நீருக்குள்ளேயே விட்டு, சுற்றிலும் தெளிந்த நீரைத் தேக்கி, நீரடிக் கூடங்களிலிருந்து பார்வையாளர்கள் காணும்படி செய்யலாம் என்றனர்.

இறுதியில் கோயில்களை அறுத்து எடுத்து உயரத்தில் பொருத்தும் திட்டம் 1963இல் ஏற்கப்பட்டது. இதனை வடிவமைத்தது சுவீடனைச் சேர்ந்த வி.பி.பி. என்னும் பொறியியல் நிறுவனம். கலைச்சின்னத்தை அறுப்பதா என்ற எதிர்ப்பு எழுந்தபோதும், பணத்துக்கும் காலத்துக்கும் உட்பட்டுச் செய்யக்கூடிய வழி இது ஒன்றே என்று ஆயிற்று.

இடமாற்றப் பணி

எகிப்து, செருமனி, இத்தாலி, பிரான்சு, சுவீடன் ஆகிய நாடுகளின் கட்டுமான நிறுவனங்கள் கூட்டாக இப்பணியை மேற்கொண்டன. அபு சிம்பெலில் அப்போது சாலையோ மின்வசதியோ இல்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் குடும்பத்தினரும் தங்குவதற்குப் பாலைவனத்தில் ஒரு குடியிருப்பே அமைக்கப்பட்டது. பணியின் முக்கியக் கட்டங்கள் பின்வருமாறு:

1. தற்காலிக அணை: உயர் அணை எழும்ப எழும்ப நீர்மட்டமும் உயர்ந்ததால், கோயில்களுக்கு முன்னால் எஃகுத் தகடுகள், பாறை, மணல் ஆகியவற்றைக் கொண்டு தற்காலிக அணை கட்டப்பட்டது. உள்ளே ஊறிய நீர் இடைவிடாது இறைக்கப்பட்டது.
2. மணல் போர்வை: மேலிருந்து விழும் பாறைத் துண்டுகள் சிலைகளைச் சிதைக்காதிருக்க, முகப்புகள் மணலால் மூடப்பட்டன. கோயிலுக்குள் சென்றுவர மணலுக்குள் சுரங்கவழி விடப்பட்டது. ஒரு காலத்தில் கோயிலை மறைத்த மணலே இப்போது அதற்குக் காப்பாகப் பயன்பட்டது.
3. பாறை அகற்றல்: கோயில்களுக்கு மேலிருந்த குன்று படிப்படியாக நீக்கப்பட்டது. அதிர்வால் சிற்பங்களுக்குச் சேதம் வரக்கூடும் என்பதால் சிற்பங்களுக்கு அருகில் வெடிமருந்து பயன்படுத்தப்படவில்லை. அறைகளின் கூரைகள் உட்புறமாக எஃகுச் சாரங்களால் தாங்கப்பட்டன.
4. அறுத்தல்: வலுக்குறைந்த மணற்கல்லில் செயற்கைப் பிசின் செலுத்தி இறுக்கப்பட்டது. பின்புறத்தில் இயந்திர வாள்களும், சிற்பங்கள் உள்ள முன்புறத்தில் மெல்லிய கைவாள்களும் பயன்படுத்தப்பட்டன. வெளியே தெரியும் வெட்டுக்கோடு சில மில்லிமீட்டர்களுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. இத்தாலியின் கராரா சலவைக்கல் சுரங்கப் பகுதியிலிருந்து தேர்ந்த கல்லறுப்போர் வரவழைக்கப்பட்டனர்.
5. தூக்குதல்: 1965 மே மாதத்தில் முதல் துண்டு தூக்கப்பட்டது. கல்லில் துளையிட்டு, எஃகுக் கம்பிகளைப் பிசினால் பதித்து, அவற்றைப் பற்றியே பாரந்தூக்கிகள் கற்களைத் தூக்கின. மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். அவற்றுள் சில 30 டன் வரை எடை கொண்டவை. ஒவ்வொன்றுக்கும் குறியெண் இடப்பட்டது.
6. மீளப் பொருத்தல்: பழைய இடத்துக்கு ஏறத்தாழ 65 மீட்டர் மேலே, ஆற்றிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உள்ளே தள்ளி, முன்பிருந்த அதே திசைநோக்கில் கோயில்கள் பொருத்தப்பட்டன. இணைப்புகள் அதே நிறமுடைய சாந்தால் பூசப்பட்டன.

மீளப் பொருத்திய கோயில், அதன் மேல் எழுப்பப்படும் செயற்கைக் குன்றின் எடையைத் தாங்காது. ஆகவே ஒவ்வொரு கோயிலுக்கும் மேலே கான்கிரீட் குவிமாடம் ஒன்று கட்டப்பட்டு, அதன் மீது பாறையும் மண்ணும் பரப்பப்பட்டன. பெரிய கோயிலின் மேலுள்ள குவிமாடம் ஏறத்தாழ 60 மீட்டர் விட்டமுடையது. வெளியிலிருந்து குன்றாகத் தோன்றுவது உண்மையில் உள்ளீடற்ற கட்டடமாகும்.

நிலநடுக்கத்தில் உடைந்த சிலையின் தலையும் மார்பும் சீர்செய்யப்படவில்லை. அவை முன்பு கிடந்தபடியே சிலையின் காலடியில் வைக்கப்பட்டன. கோயிலை முன்னிருந்த நிலையிலேயே மாற்றுவது, புதுப்பிப்பதல்ல என்ற கொள்கையே இதற்குக் காரணம்.

1968 செப்டம்பர் 22 அன்று இடமாற்றம் நிறைவு விழா நடைபெற்றது. மொத்தச் செலவு ஏறத்தாழ 4 கோடி அமெரிக்க டாலர்கள். இதில் ஏறத்தாழ பாதியைப் பிற நாடுகள் வழங்கின.

பிற நூபியச் சின்னங்கள்

இத்திட்டத்தின் கீழ் மொத்தம் 22 நினைவுச்சின்னங்களும் கட்டடத் தொகுதிகளும் இடம் மாற்றப்பட்டன. அவற்றுள் சில:

* கலப்சா கோயில்: மேற்கு செருமனியின் உதவியுடன் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, உயர் அணைக்கு அருகில் மீண்டும் கட்டப்பட்டது.
* அமாதா கோயில்: இதன் வண்ணம் தீட்டிய சிற்பங்கள் அறுத்தால் சிதையும் என்பதால், கோயில் முழுவதும் ஒரே தொகுதியாகத் தண்டவாளங்கள் மீது ஏறத்தாழ 2.6 கிலோமீட்டர் நகர்த்தப்பட்டது.
* பிலே கோயில்கள்: ஐசிஸ் தெய்வத்துக்குரிய இத்தொகுதி 1972 முதல் 1980 வரை நடந்த பணியில் அருகிலுள்ள அகில்கியா தீவுக்கு மாற்றப்பட்டது. காலம் அறியப்பட்ட எகிப்தியப் படவெழுத்துப் பொறிப்புகளுள் கடைசியானது (கி.பி. 394) இங்கேயே உள்ளது.
* அன்பளிப்பாக வழங்கப்பட்டவை: தெந்தூர் கோயில் ஐக்கிய அமெரிக்காவுக்கும் (நியூயார்க்), தெபோத் கோயில் எசுப்பானியாவுக்கும் (மாட்ரிட்), தஃபே கோயில் நெதர்லாந்துக்கும் (லைடன்), எல்லெசியா கோயில் இத்தாலிக்கும் (தூரின்) சென்றன.

சூடான் பகுதியில் பூகன், செம்னா முதலிய இடங்களின் கோயில்கள் கார்ட்டூமில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டன. ஃபாரசு என்னுமிடத்தில் போலந்து நாட்டுத் தொல்லியலாளர் கசிமியெர்சு மிகவோவ்ஸ்கி தலைமையிலான குழு, மணலுக்கடியில் கிறித்தவப் பேராலயம் ஒன்றைக் கண்டறிந்தது. அதன் சுவரோவியங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு கார்ட்டூமுக்கும் வார்சாவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. 2023இல் தொடங்கிய சூடான் உள்நாட்டுப் போரின்போது கார்ட்டூம் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டுப் பெரும் இழப்புக்கு உள்ளானது.

மீட்கப்படாதவை

எல்லாவற்றையும் மீட்க இயலவில்லை. பண்டைய எகிப்தியர் செங்கல்லால் கட்டிய பூகன் கோட்டை, அகழாய்வு செய்யப்பட்டபின் நீரில் மூழ்கியது. சுடாத செங்கல்லால் ஆன கட்டடங்களைப் பெயர்த்தெடுக்க வழி இல்லை. எண்ணற்ற கல்லறைகளும், பாறை ஓவியங்களும், குடியிருப்பு மேடுகளும் ஏரிக்கடியில் உள்ளன. குன்றின் உச்சியில் இருந்ததால் கசர் இப்ரீம் என்னும் பழைய கோட்டை நகரம் மட்டும், நீர்சூழ்ந்த நிலையில், தன் பழைய இடத்திலேயே எஞ்சியுள்ளது.

நூபிய மக்களின் இடப்பெயர்வு

நீர்த்தேக்கத்தால் நூபிய மக்கள் தம் மூதாதையர் நிலத்தை முழுமையாக இழந்தனர். எகிப்தில் ஏறத்தாழ 50,000 பேர் 1963-64இல் அஸ்வானுக்கு வடக்கே உள்ள கோம் ஓம்போ பகுதிக்குக் குடியேற்றப்பட்டனர். சூடானில் வாடி ஹல்பா பகுதியைச் சேர்ந்த ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான மக்கள், பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கசம் எல்-கிர்பாவுக்கு அனுப்பப்பட்டனர். ஆற்றங்கரையில் பேரீச்ச மரங்களையும் சிறு விளைநிலங்களையும் நம்பி வாழ்ந்தவர்கள், ஆற்றிலிருந்து விலகிய புதிய குடியிருப்புகளில் வாழ நேர்ந்தது.

கோயில்கள் மாற்றப்பட்டபோது அவற்றின் திசைநோக்கும், கற்களின் வரிசையும், உடைந்த சிலை கிடந்த இடமும்கூடக் காக்கப்பட்டன. ஊர்கள் மாற்றப்பட்டபோது அத்தகைய கவனம் செலுத்தப்படவில்லை என்பது நூபியர்களின் நீண்டகாலக் குறை. 2014ஆம் ஆண்டின் எகிப்திய அரசியலமைப்பின் 236ஆம் பிரிவு, நூபியர்களைப் பத்தாண்டுகளுக்குள் அவர்களது பழைய பகுதிகளுக்குத் திரும்பக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று கூறுகிறது. நூபியாவின் வரலாற்றையும் மக்கள் வாழ்வையும் காட்டும் நூபிய அருங்காட்சியகம் அஸ்வானில் 1997இல் திறக்கப்பட்டது.

தாக்கம்

நூபியத் திட்டம் 1980 மார்ச்சில் முறைப்படி நிறைவுற்றது. ஒரு நாட்டின் எல்லைக்குள் இருக்கும் நினைவுச்சின்னம் மனித இனம் முழுமைக்கும் உரியது என்னும் கருத்து இதன் வழியே வலுப்பெற்றது. 1972இல் யுனெஸ்கோ ஏற்ற உலகப் பாரம்பரிய உடன்படிக்கைக்கு இத்திட்டம் ஒரு முக்கியத் தூண்டுகோலாக இருந்தது. வெனிசு நகரம், பாகிசுத்தானின் மொகஞ்சதாரோ, இந்தோனேசியாவின் போரோபுதூர் ஆகியவற்றைக் காக்கப் பின்னர் எடுக்கப்பட்ட முயற்சிகளுக்கும் இதுவே முன்மாதிரி.

அணைகளால் தொல்லியல் களங்கள் மூழ்குவது நூபியாவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் நாகார்ஜுனசாகர் அணையால் மூழ்கிய நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கின் பௌத்தச் சின்னங்கள், 1954 முதல் 1960 வரை அகழாய்வு செய்யப்பட்டு, சில அருகிலிருந்த குன்றின் மீது மீண்டும் அமைக்கப்பட்டன. அக்குன்று இன்று தீவாக உள்ளது. துருக்கியில் இலிசு அணையால் 2020இல் மூழ்கிய ஹசன்கெய்ஃப் நகரின் சில கட்டடங்கள் மட்டும் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன.

இவற்றையும் பார்க்க

* இரண்டாம் ராமேசஸ்
* அஸ்வான் அணை
* நாசர் ஏரி
* நூபியா
* பிலே
* உலகப் பாரம்பரியக் களம்